சன்ரூஃப் மேல் விழாத தொட்டி

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளபடி சரியானவை. வயது எழுபத்து மூன்று. கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பொறுப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டார். தற்சமயம் மகள், மருமகன், பேத்தி ஆகியோருடன் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் முதல் தளத்தில் வசித்து வருகிறேன். எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். மூக்குக் கண்ணாடி போட்டால் பார்வை சரியாக இருக்கிறது. காது கேட்கிறது. ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இல்லை. கடைசியில் சொன்னதை எழுத்தர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அது இந்த விஷயத்துக்குத் தேவைப்படும்.

சென்ற மாதம் இதே காவல் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். எங்கள் காரின் கூரைக் கண்ணாடியின் மேல் மாடியிலிருந்து பூந்தொட்டி விழுந்து அது உடைந்ததை நேரில் பார்த்ததாக அதில் சொல்லியிருக்கிறேன். அது பொய். தொட்டி எதுவும் விழவில்லை. கண்ணாடியை உடைத்தவன் நான்தான். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கார் மருமகனுடையது. புதிதாக வாங்கியது. கூரையில் பொத்தானை அழுத்தினால் திறந்து மூடும் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், வைத்த வண்டிதான் வேண்டும் என்று பேத்தி கேட்டதால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கினார்கள். வாரண்டி முடியும் சமயத்தில் கம்பெனிக்காரர்கள் மேற்கொண்டு இரண்டு வருடத்துக்கு அதை நீட்டிக்கலாம் என்று சொல்லி ஒரு படிவம் அனுப்பினார்கள். மருமகன் அதை என்னிடம் கொடுத்து, நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் மாமா என்றார். நான் பொடி எழுத்து உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு இது வீண் செலவு என்று சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் படிவத்தைக் கிழித்துப் போட்டார். வீட்டில் இப்படிப்பட்ட காரியங்களில் என் சொல்லை யாரும் தட்டுவதில்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் கோடு போட்டபோது ஒவ்வொரு கட்டத்தையும் நான் அளந்து கொடுத்ததிலிருந்து கட்டடத்தில் எல்லோரும் என்னை ஸ்கேல் சார் என்று கூப்பிடுகிறார்கள். அதில் கேலி இருந்தாலும் மரியாதையும் இருந்தது.

அதன் பிறகு வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்று நானே எடுத்துக்கொண்டேன். காருடன் வந்த கையேட்டில், கூரைக் கண்ணாடி நகரும் தண்டவாளத்தை அவ்வப்போது துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. துடைக்கச் சொன்னார்களே தவிர எதையும் பூசச் சொல்லவில்லை. இருந்தும் வெறுமனே துடைத்து விடுவது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களின் திருகுகளில் பூசுவதற்கென்று ஒரு கெட்டியான கிரீஸ் உண்டு. ஓய்வு பெறும்போது பாதி தீர்ந்த டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதைத் தீக்குச்சி முனையில் எடுத்துத் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒரே கனத்தில் தடவினேன். அந்த கிரீஸ் எதற்காகச் செய்யப்பட்டது என்று எழுத்தர் கேட்பதால் சொல்கிறேன். காற்றும் புகாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. முப்பது வருடம் அதைக் கையாண்டவன் நான். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பின் வெயில் காலத்தில் தூசி வந்து அதில் ஒட்டிக்கொண்டது. நான் மறுபடியும் பூசினேன். ஒரு நாள் மகள் வண்டியை ஓட்ட, நானும் பேத்தியும் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தோம். பேத்தி மேகம் பார்க்க வேண்டும் என்றதும் மகள் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி ஒரு சாண் திறந்து நின்றது. பல் உடைவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியில் தூறல் போட்டது. மகள் ஒரு கையால் குடையை விரித்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சிக்னலில் நின்றாள். பக்கத்தில் நின்ற பேருந்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தாள்.

மறுநாள் மருமகனும் நானும் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கே வரவேற்கிற அட்வைசர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, உள்ளே பல்சக்கரம் தேய்ந்து கேபிளும் மடங்கிவிட்டது, கண்ணாடி தனியாக, மோட்டார் தனியாக என்று மாற்ற முடியாது, எல்லாம் சேர்ந்து ஒரே செட்டாகத்தான் வரும் என்று சொன்னார். செட்டின் விலையைக் கால்குலேட்டரில் காட்டியதும் மருமகன் பின்னால் கையை விட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வாரண்டி இருந்திருந்தால் ஒரு பைசா ஆகியிருக்காது என்று அட்வைசர் சொன்னார். மருமகன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் முயற்சி எடுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அட்வைசர் தண்டவாளத்தில் விரலை வைத்து இழுத்து, ஒட்டிய அழுக்கை எங்களிடம் காட்டினார்.

"இதை யாரு சார் பூசினது?"

"கம்பெனியிலயே பூசியிருப்பாங்க" என்றார் மருமகன்.

அட்வைசர், எங்கள் ஆட்கள் இப்படி அல்வா மாதிரி அப்ப மாட்டார்கள் சார் என்று சொல்லி விரலைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டார். நான் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய நேரம் அதுதான். நான் பேசவில்லை. அதற்குப் பின் வெளியே வரும்போது அட்வைசர் பொதுவாக ஒன்று சொன்னார். கண்ணாடி எதன்மேலாவது மோதியோ ஏதாவது மேலே விழுந்தோ உடைந்து வந்திருந்தால் இன்சூரன்ஸில் முழு செட்டையும் போட்டிருக்கலாம், தானாக மக்கர் செய்ததற்கு அவர்கள் தரமாட்டார்கள் என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எதையும் செய்யச் சொல்லவும் இல்லை. இதைக் குறிப்பாகப் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

பிறகு சில வாரங்கள் திறப்பின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டியே வண்டியை ஓட்டினார்கள். வேகமாகப் போனால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். மருமகனின் அலுவலகத்தில், ரெயின்கோட் போட்ட கார் வந்துவிட்டது என்று கிண்டல் செய்தார்களாம். அவர் சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அந்த வருடம் பேத்தியை நீச்சல் வகுப்பில் சேர்ப்பதாக இருந்தார்கள். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன்.

அதன் பிறகு ஒரு பிற்பகல் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பின், கட்டடத்தின் பின்பக்கம் நின்ற காரிடம் போனேன். அன்று மருமகன் பேருந்தில் போயிருந்தார். எங்களுக்கு ஒதுக்கிய கட்டம் கட்டடத்தை ஒட்டி, பால்கனிகளுக்கு நேர் கீழே இருக்கிறது. ஏதாவது விழுந்தால் அங்கேதான் விழும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். உடைசல்களைப் போடும் மூலையில் விரிசல் விட்ட ஒரு மண் தொட்டி கிடந்தது. சுவரோரம் ஒரு பழைய கோரைப் பாயின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. விளிம்பைச் சுற்றிப் பச்சைப் பெயிண்டில் ஒரு பட்டை அடித்திருந்தது. யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். பெயிண்ட் அடித்த தொட்டிக்கு ஒரு ஆள் இருப்பார்.

கண்ணாடியை உடைப்பதற்கு முன் பிளாஸ்டிக் தாளைப் பிரித்து எடுத்தேன். பிறகு பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து முன்சீட்டு, பின்சீட்டு இரண்டையும் மூடினேன். ஏன் என்று எழுத்தர் கேட்கிறார். கண்ணாடி உடையும் வேலை எதுவானாலும் முதலில் கீழே துணி விரிக்க வேண்டும் என்று வருகிற மாணவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான். கை தானாகச் செய்தது. அதன் பிறகு தொட்டியை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணாடியின் மேல் போட்டேன். தொட்டி சுக்கு நூறாக உடைந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் ஒட்டியிருந்த காய்ந்த மண் மட்டும் உள்ளே கொட்டியது. இந்த வகைக் கண்ணாடி நடுவில் அடித்தால் தாங்கும், ஓரத்தில்தான் பலவீனம் என்பது எனக்குத் தெரிந்த பாடம். வீட்டிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து மூலையில் ஒரு தட்டுத் தட்டினேன். முழுவதும் கல்கண்டு போல உதிர்ந்து போர்வையில் விழுந்தது.

போர்வையின் நான்கு முனைகளையும் சேர்த்து வெளியே எடுத்த பிறகுதான், சீட்டில் ஒரு துணுக்குக் கூட இல்லாமல் இருப்பது சரியில்லை என்று உறைத்தது. திரும்பக் கொட்டலாமா என்று போர்வையைப் பிடித்தபடி நின்றேன். பின்சீட்டில் பேத்தியின் ஒரு செருப்பு கிடந்தது. கொட்ட மனம் வரவில்லை. துணுக்குகளை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மூடி, பழக்கத்தில் மேலே "கண்ணாடி, கவனம்" என்று எழுதி வைத்தேன்.

மாலையில் மகளும் மருமகனும் வந்ததும், மேலேயிருந்து தொட்டி விழுந்துவிட்டது, குழந்தை உட்கார்ந்தால் குத்துமே என்று நான் பெருக்கி எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மகள் முதலில் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்காவது வெட்டியிருக்கிறதா என்று தேடினாள். மருமகன் அண்ணாந்து பார்த்து, சனியன், கெட்டதிலும் ஒரு நல்லது என்று சொன்னார். அவர்கள் இருவருக்கும் இதில் எதுவும் தெரியாது. இன்சூரன்ஸுக்கு மருமகன் விண்ணப்பித்தது என் வார்த்தையை நம்பித்தான்.

அதற்குப் பின் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, சீட்டில் ஒரு தூள்கூட இல்லையே என்று கேட்டார். நான் அட்டைப் பெட்டியைக் காட்டினேன். அவர் மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, உங்களைப் போல நாலு பேர் இருந்தால் எங்கள் வேலை சுலபமாகிவிடும் ஐயா என்று சொன்னார். பொய்யைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டிய பெட்டி எனக்கு நற்சான்றாகிவிட்டது. அடுத்தவர் வீட்டுப் பொருள் விழுந்த விஷயம் என்பதால் காவல் நிலையத்தில் பதிந்த சான்று வேண்டும் என்றார். அதன் பேரில்தான் இங்கே வந்து முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். யார் வீட்டுத் தொட்டி என்று அப்போது கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த ஒன்று மட்டும் உண்மை.

காவலர் ஒருவர் வந்து மாடியில் விசாரித்தார். எங்கள் கட்டத்துக்கு நேர் மேலே, மூன்றாம் தளத்தில் மருத்துவமனை நர்ஸ் ஒருவர் தனியாகக் குடியிருக்கிறார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கட்டடத்தில் அவரை சிஸ்டர் என்றே அழைப்பார்கள். அவர் பால்கனியில் தொட்டிகள் உண்டு. காவலர் ஓட்டுத் துண்டுகளைக் காட்டியதும் பச்சைப் பட்டையைப் பார்த்து, இது என்னுடையதுதான், பட்டை நான் அடித்தது என்று உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் விரிசல் விட்டதால் இதை நான் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேனே என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குக் காவலர், கீழே போட்டிருந்தால் மேலேயிருந்து எப்படிம்மா விழும், ஸ்கேல் சாரே கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர், அப்படியானால் போட்டதாக நினைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரிலேயே வைத்திருப்பேன் என்று சொல்லி, கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாள் இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அவர் எழுதியது பொய்யில்லை. தன் ஞாபகத்தைவிட என் சொல்லை அதிகம் நம்பி எழுதியது.

அன்று மாலையே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

"ஐயா, உங்க தலையில விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? என்னை மன்னிச்சிருங்க ஐயா."

நான் என்ன சொன்னேன் என்று எழுத்தர் கேட்கிறார். இதைச் சொல்வதற்காகத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

"பரவாயில்லம்மா. இனிமே பாத்து வைங்க."

இதை நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவரை நான் மன்னித்து அனுப்பினேன்.

மறுநாள் அவர் பால்கனியில் ஒரு தொட்டியும் இல்லை. எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன் பிறகு இன்சூரன்ஸ் பணம் வந்து, காரில் புது செட் போட்டார்கள். வண்டியை எடுக்கப் போனபோது அட்வைசர், உங்களுக்கு நேரம் நன்றாக இருக்கிறது சார் என்று என்னிடம் சொன்னார். அவருக்கு ஏதும் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பின் நான் கவனித்ததைச் சொல்கிறேன். சிஸ்டர் காலையில் வேலைக்குக் கிளம்பி எங்கள் தளம் வரை இறங்கி வருவார். நின்று, திரும்ப மேலே ஏறுவார். பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கும். மறுபடி இறங்குவார். சில நாட்களில் இரண்டு முறை, மூன்று முறை. முன்பெல்லாம் அவர் அப்படிச் செய்ததில்லை. அப்படிச் செய்கிறவன் நான். கேஸை மூடினேனா, குழாயை நிறுத்தினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவன். என் மனைவி இருந்தபோது, உங்களுக்குக் கடவுள் கொடுத்த கண்ணை நம்ப இன்னொரு கண் வேண்டும் என்பார். அந்த நடை எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். மாடிப்படியில் அது எனக்குக் கேட்டது.

ஒரு நாள் நான் படியில் நின்றபோது அவர் இறங்கி வந்தார்.

"ஐயா, நான் பூட்டிட்டு வந்தேனா? நீங்க பாத்தீங்களா?"

அவர் வீடு இரண்டு தளம் மேலே இருக்கிறது. நான் பார்த்திருக்க வழியில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் என்னிடம் கேட்டார். பார்த்தேன், பூட்டினீர்கள், போங்கள் என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்து போனார். அவர் போன பிறகு நான் மேலே ஏறிப் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

சென்ற வாரம் சாப்பிடும்போது மகள் ஒன்று சொன்னாள். சிஸ்டரைப் படியில் பார்த்தாளாம். அவருடைய அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே மறதி நோய் வந்து, கடைசியில் பெற்ற பெண்ணையே யாரென்று கேட்டு இறந்து போனாராம். அதுவும் இப்படித்தான், வைத்த பொருளை வைத்த இடம் தெரியாமல் தொடங்கியதாம். தொட்டி விழுந்த நாளிலிருந்து தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று சிஸ்டர் நினைக்கிறார். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் வேலையிலிருந்து தன்னை எடுத்துவிடும்படி தானே கேட்டு, இப்போது துணி, படுக்கை விவரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். மாத முடிவில் வேலையையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாராம். யாருக்காவது மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் பாவம் யார் சுமப்பது என்று கேட்டாராம். மகள் இதைச் சொல்லிவிட்டு, நல்ல வேளை அப்பா, உங்கள் தலையில் விழவில்லை என்றாள். எனக்கு மோர் ஊற்றினாள். நான் எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு நான்கைந்து நாள் எதுவும் செய்யவில்லை. பயந்தேன். எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், தண்டனைக்கு என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் மருமகன் முகத்துக்குப் பயந்தேன். கட்டடத்தில் இனி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் யோசித்தேன். ஒரு பெண் தன் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது நான் யோசித்தது இதை.

நேற்று இரவு மகளையும் மருமகனையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிரீஸிலிருந்து தொடங்கினேன். மகள் நடுவில் எழுந்து பேத்தி தூங்குகிற அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை. முழுவதையும் கேட்ட பிறகு மருமகன் என்னிடம் கேட்டார்.

"கிரீஸ் விஷயத்தை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன மாமா, உங்களைக் கடிச்சுத் தின்னிருப்பேனா?"

தின்றிருக்கமாட்டார். அது எனக்கு அன்றும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் இவ்வளவும் செய்தேன். இன்சூரன்ஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், என்ன கேஸ் வந்தாலும் பார்த்துக்கொள்வோம் என்று அவர் சொன்னார். பணம் என் வைப்புத் தொகையிலிருந்து போகும். அவர் வேண்டாம் என்று சொல்கிறார். இந்த முறை அவர் சொல்லை நான் கேட்கப் போவதில்லை.

இன்று காலை இங்கே வருவதற்கு முன் மூன்றாம் தளத்துக்கு ஏறிப் போனேன். நிலையத்திலிருந்து ஆள் போய்ச் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். சிஸ்டர் வேலைக்குப் போகத் தயாராகி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். அவருக்குப் பின்னால், தொட்டிகள் இருந்த பால்கனியின் தரையில் வட்டம் வட்டமாகக் கறை மட்டும் தெரிந்தது. நான் வாசலில் நின்றபடியே, தொட்டி மேலேயிருந்து விழவில்லை, உடைசல் மூலையிலிருந்து எடுத்து நான்தான் உடைத்தேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்கென்று யோசித்து வந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"தொட்டி எங்க கிடந்தது?"

சுவரோரம் என்றேன்.

"எது மேல?"

கோரைப் பாயின் மேல் என்றேன்.

"நிமிந்தா, கவுந்தா?"

கவிழ்த்து வைத்திருந்தது என்று சொன்னேன். அவர் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"கவுத்துத்தான் வச்சேன். தண்ணி தேங்கி கொசு வரும்னு கவுத்து வச்சேன். பாயும் என்னுதுதான்."

இதை என்னிடம் சொல்லவில்லை. தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் தன் தலையைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். தொலைந்த பிள்ளை திரும்பி வந்தால் முகத்தைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதுபோல. நான் சாவியை எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"அதைத் தொடாதீங்க" என்றார். "நீங்க போங்க."

நான் இறங்கி வந்தேன். என் தளம் வந்ததும் நின்று கேட்டேன். மேலே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவர் இறங்கி, என்னைத் தாண்டி, என்னைப் பார்க்காமல் தெருவுக்குப் போனார். திரும்பி மேலே ஏறவில்லை.

சிஸ்டர் எழுதிக் கொடுத்த கவனக்குறைவு வாக்குமூலத்தைக் கோப்பிலிருந்து நீக்கி, தொட்டி விஷயத்தில் அவர்மேல் தவறு இல்லை என்பதை அவர் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு நிலையத்திலிருந்து எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரை இதற்காக மறுபடி இங்கே வரவழைக்க வேண்டாம். என் முந்தைய வாக்குமூலத்தை என் பொய்யாக எடுத்துக்கொண்டு சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யலாம். மகள், மருமகன், சர்வேயர், அட்வைசர் யாருக்கும் இதில் பங்கில்லை.

யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் சொல்லவில்லை. எழுத்தர் தாள் தாளாக வாசித்துக் காட்டினார். "கண்ணாடி உடைந்தது" என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை "உடைத்தேன்" என்று திருத்தச் சொல்லி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. உண்மையென்று அறிந்து கீழே கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)

என் முன்னிலையில் வாசித்துக் காட்டி, வாக்குமூலம் கொடுத்தவர் சரியென ஒப்புக்கொண்ட பின் பதிவு செய்யப்பட்டது.

(நிலைய எழுத்தர்)